டார்ச் வெளிச்சத்தில் ஒரு தீர்ப்பு

புதிதாகப் பல் மருத்துவத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். பொறுமை, கனிவு, நோயாளியைப் பார்த்துப் புன்னகை என்று எழுதித் தருவேன் என நினைத்திருப்பார்கள். அதற்கு வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் மீன்குழம்பு வைக்கும்போதுகூட அந்த விஷயம் நினைவுக்கு வந்தால் கரண்டியை ஓங்கி வைக்கிறேன். "இன்னிக்கு யாருக்கு அடி?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் மறுபடி பேப்பருக்குள் போய்விடுகிறார்.

மலேசியாவின் வடக்கே இந்தக் கெடா மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். கோலா கெத்திலிலும் பாலிங்கிலும் மெர்போக்கிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பால் பற்கள் பழுப்பாக, கட்டையாக, ஈறு வரை கரைந்து போயிருக்கும். டின் பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்துத் தூங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தாடிக்கா என்று நாம் சொல்லும் பாலர் பள்ளிக்கு நம் குழு போகும். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சின்னக் கண்ணாடி. "ஆ காட்டு." ஒரு பார்வை. "பால் புட்டிப் பல்." அடுத்த பிள்ளை. ஓய்வு மணி அடிப்பதற்குள் ஒரு வகுப்பை முடித்துவிடலாம்.

இப்படிச் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நூறு பிள்ளைகளுக்குப் பொருந்திய வார்த்தை நூற்றோராவது பிள்ளைக்கும் பொருந்தும் என்று நாக்கு பழகிப்போகிறது. பிறகு யாரும் பல்லைத் தொடுவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், மருத்துவமனையின் பிள்ளைகள் வார்டிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே புதிதாக வந்திருந்த இளம் மருத்துவர்.

"டாக்டர், ஒரு சின்ன வேலை லா. ஒரு பிள்ளையோட வாயைப் பார்த்துட்டு, வீட்டுல பராமரிப்பு இல்லன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும். நாளைக்குக் காலைல மீட்டிங்."

"பார்க்கிறதுக்கு முன்னாடியே என்ன எழுதணும்னு சொல்றீங்களே, தம்பி."

"தாடிக்காவுல பார்த்த பல் டாக்டரே சமூக நலத்துறைக்குச் சொல்லிட்டாங்க. வாய் முழுக்கப் பூச்சிப்பல்லாம்."

விஷயம் இதுதான். பிள்ளையின் பெயர் தர்ஷினி. ஐந்து வயது. கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. தொடை எலும்பு முறிந்து வந்திருந்தாள். அதற்கு முன்பு கை முறிந்திருந்தது. அதற்கும் முன்பு கழுத்தெலும்பு. விழுந்துவிட்டாள் என்று மட்டும்தான் ஒவ்வொரு முறையும் பெற்றோர் சொன்னார்கள். அப்பா குணா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். குடிப்பார். கோயில் திருவிழாவில் ஒருவரை அடித்துப் போலீசு வரை போனவர். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல மாட்டார், கழுத்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முனகுவார். இத்தனையும் சேர்ந்துவிட்டால் மீட்டிங் எதற்கு? மறுநாள் காலை பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்ப முடிவெடுக்கப் போகிறார்கள் என்று வார்டில் தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. அதுவரை அப்பா பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.

நான் போனபோது குணா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் குடித்த வாடை இன்னும் போகவில்லை.

"நீங்கதான் தர்ஷினி அப்பாவா?"

துண்டுக்கு மேலே தலை மட்டும் ஆடியது.

"எப்படி விழுந்தா?"

"வீட்டுல," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன். பிடிக்காத ஆளுக்கும் நியாயம் உண்டு என்பதை நம் தொழிலில் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

உள்ளே தர்ஷினி படுத்திருந்தாள். இடுப்பிலிருந்து பாதம் வரை சிமெண்டுக் கட்டு. பக்கத்தில் அம்மா செல்வி, சுங்கைப்பட்டாணி நகரத்துத் தொழிற்சாலை ஒன்றின் சீருடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நான் டார்ச்சை எடுத்ததும், யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

"பிரஷ் பண்ணி விடறேன் டாக்டர், சத்தியமா. புட்டிப் பால் நான் கொடுத்ததே இல்ல. எல்லாரும் கொடுத்தேன்னு சொல்றாங்க. எங்க லயத்துல மத்த பிள்ளைங்களுக்குத் தேய்ச்சு விடறதே இல்ல, அதுங்க பல்லு நல்லா இருக்கு. நான் தேய்ச்சதுதான் தப்பா?"

பிள்ளை சமர்த்தாக வாயைத் திறந்தாள். பழுப்பு நிறக் கட்டைப் பற்கள். டார்ச் வெளிச்சத்தில் அச்சு அசல் பால் புட்டிப் பல். வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒரு ஆசிரியர் இருந்தார். சிடுமூஞ்சி. மாணவர் யாராவது தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னால், கையில் இருக்கிற கண்ணாடிப் பிடியால் விரல் முட்டியில் தட்டுவார். கண் சொல்வதைக் கை ஒத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பார். அவரை அப்போது நாங்கள் எல்லோரும் வெறுத்தோம். ஆனால் கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. சட்டைப் பையிலிருந்து நுனி கூரான ஆய்வுக் கம்பியை எடுத்துப் பல்லில் வைத்தேன்.

சொத்தைப் பல்லில் கம்பி சிக்கும், பஞ்சில் குத்துவது போல இறங்கும். இங்கே வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு பல்லாகத் தொட்டேன். எந்தப் பல்லிலும் ஓட்டை இல்லை, மெத்தென்று ஓர் இடம்கூட இல்லை. தேய்ந்திருந்தது, அழுகவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் வெளிச்சம் பல்லுக்குள் ஊடுருவி, பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் தெரிந்தது. தலையைத் தூக்கிப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியில் லேசான நீலம்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு கண்ணையும் பார்த்தேன். அதிலும் அதே நீலம்.

இதை நீங்கள் எல்லோரும் முதல் வருடத்திலேயே படித்திருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படித்துப் பரீட்சையோடு விட்டுவிட்டீர்கள், அதுதான் என் எரிச்சல். தாயின் வயிற்றில் பிள்ளையின் ஈறுக்குள் பல் உருவாகும்போது இரண்டு கூட்டம் செல்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. மேல் கூட்டத்திலிருந்து கீழே ஒரு சேதி போகிறது. சேதி கிடைத்ததும் கீழே இருக்கும் செல்கள் வரிசை கட்டி நின்று தந்தினியைக் கட்டத் தொடங்குகின்றன, அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் உடம்பை. முதல் அடுக்கு விழுந்ததும் கீழிருந்து மேலே பதில் போகிறது. அதன் பிறகுதான் மேல் கூட்டம் எனாமலைப் போடும். கேட்காமல் எவரும் வேலையைத் தொடங்குவதில்லை. கண் தெரியாத அந்தச் செல்களுக்கு இருக்கிற ஒழுங்கு, டிகிரி வாங்கிய நமக்கு இல்லை.

தர்ஷினிக்கு அந்தச் சேதிப் பரிமாற்றம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்டுக் கட்டினார்கள். கட்டுவதற்குக் கொடுத்த நூல்தான் கோளாறு. தந்தினி முதலில் கொலாஜன் என்கிற புரத நூலால் பின்னப்படுகிறது, அதன் மேல்தான் சுண்ணாம்புச் சத்து படியும். நூல் பிசகாக இருந்தால் தந்தினி எனாமலைத் தாங்காது. எனாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து பல் தேய்ந்து போகும். அதே நூல்தான் எலும்பிலும் இருக்கிறது, கண்ணின் வெள்ளையிலும் இருக்கிறது. இப்போது சேர்த்துப் பாருங்கள். தேநீர் நிறப் பல், நீலம் பாய்ந்த விழி, விழுந்தால் முறிகிற எலும்பு. மூன்றும் ஒரே நூல், ஒரே பிறவி நோய்.

இந்தப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக எந்தப் பல்லைக் காட்டினார்களோ, அந்தப் பல்தான் அவள் அப்பாவுக்குச் சாட்சியாக வந்திருக்க வேண்டியது. நம் ஆட்கள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை தூர்ந்துபோய்க் கிடந்தது, நான் நினைத்தபடியே; இந்த நோயில் அப்படித்தான் ஆகும். வார்டு மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புத்திசாலிப் பையன், உடனே புரிந்துகொண்டார். முகம் மாறிவிட்டது.

"ஆனா டாக்டர், இதை உறுதி பண்ண ரத்தம் கோலாலம்பூருக்குப் போகணும். மாசக்கணக்கா ஆகும். மீட்டிங் நாளைக்கு."

"தெரியும்."

"எலும்பு வீக்கா இருந்தாலும், அவர் அடிச்சிருக்கலாம்தானே? நம்ம பேச்சை நம்பி வீட்டுக்கு அனுப்பி, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

நியாயமான கேள்வி. ரோத்தான் பிரம்பால் பிள்ளையை விளாசுகிற அப்பன்மார்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு குடிகாரனுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறேனா? அதே சமயம், பேசாமல் இருந்தால் நாளைக்கே அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். விஷயம் தெரியாத காப்பகத்தில், கையைப் பிடித்து இழுத்தாலே முறிகிற எலும்போடு.

தாடிக்காவில் பார்த்த பல் மருத்துவருக்குப் போன் போட்டேன். என்னிடம் வேலை பழகியவள்தான்.

"அந்தப் பிள்ளை பல்லைக் கம்பியால தொட்டுப் பார்த்தியாம்மா?"

"அக்கா, எவ்வளவு பிள்ளைங்க தெரியுமா? மூனு தாடிக்கா அன்னிக்கு. நேரம் எங்க இருக்கு?"

"நேரம் இல்லன்னா தெரியலன்னு சொல்லணும். உனக்கு நேரம் இல்லாததுக்கு ஒரு ஆளு பிள்ளையைப் பறிகொடுக்கணுமா?"

"எல்லாரும் அப்படித்தானே எழுதறோம். அந்த ஆளைப் பார்த்தீங்களா, அக்கா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான். தப்பு பண்ணாதவன் எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலுக்குத் திட்டத்தான் வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டேன். அவள் கேட்ட கேள்வி, அவள் கேட்ட அர்த்தத்தில் இல்லாவிட்டாலும், சரியான கேள்வி. அந்த மனிதர் எதற்காக வாயை மூடிக்கொண்டே இருக்கிறார்?

போனை வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"குணா, அந்தத் துண்டை எடுங்க. வாயைக் காட்டுங்க."

"எதுக்கு?" குரலில் முறைப்பு இருந்தது. "என் வாயில என்னா இருக்கு?"

"உங்க பிள்ளை வாயில இருக்கிறதுதான் இருக்குன்னு நினைக்கிறேன்."

அவர் நடைபாதையில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் துண்டை இறக்கினார். பற்கள் ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தன. மீதி இருந்தவை அதே தேநீர் நிறம். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கேலி லோரி ஸ்டாண்டு வரை தொடர்ந்திருக்கிறது என்று அவரே மெல்லச் சொன்னார். வெற்றிலை போடுகிறவனா, பல்லே தேய்க்காதவனா, கஞ்சாவா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். கோயிலில் அவர் அடித்தது அப்படிக் கேட்ட ஒருவரைத்தான். பதினைந்து வயதிலிருந்து இந்த மனிதர் யார் முன்னாலும் சிரித்ததில்லை.

"உங்களுக்கு எலும்பு முறிஞ்சிருக்கா?"

"சின்னதுல. கை ஒருவாட்டி. காலு, பந்து விளையாடறப்ப. அப்புறம் லோரியில ஏறறப்ப மணிக்கட்டு."

"இதை ஏன் இங்க யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றார். "அடிச்சியா, அடிச்சியான்னுதான் கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். மறுபடி அதையேதான் கேட்டாங்க."

படித்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போயிருக்கிறோம். குற்றவாளியிடம் கேட்கும் கேள்வியை ஆளாளுக்குக் கேட்டிருக்கிறோம். ஓர் அப்பாவிடம் கேட்க வேண்டியதை, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்பதை, ஒருவரும் கேட்கவில்லை. அது நம் பாடத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற கேள்வி.

"நாளைக்கு அந்த ரூம்ல எல்லாருக்கும் முன்னாடி வாயைத் திறந்து காட்டணும்," என்றேன். "காட்டினா பிள்ளை கண்டிப்பா வீட்டுக்கு வந்துருவான்னு என்னால சொல்ல முடியாது. காட்டலன்னா வரமாட்டா."

அவர் எழுந்து போய்விட்டார். வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், குடித்திருக்கவில்லை. மேசையைச் சுற்றி எலும்பு மருத்துவர், வார்டு மருத்துவர், போலீசு ஒருவர், நலத்துறை அதிகாரியான ஒரு மலாய்க்கார அம்மா. நான் பற்களின் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லி முடித்ததும், குணா சொல்லாமலேயே துண்டை எடுத்து மேசை மேல் வைத்தார். வாயைத் திறந்தார். டார்ச்சை நான்தான் பிடித்தேன். ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாங்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவருக்கு அந்த நிலைமை வந்தே இருக்காது.

நலத்துறை அம்மாதான் சரியாகக் கேட்டார். "டாக்டர், இவர் பிள்ளையை அடிக்கவே இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றேன். "பல் அதைச் சொல்லாது. எலும்பு லேசில் முறியும் என்பதை மட்டும் சொல்லும். இந்த முறிவுகளை வைத்து அடித்தார் என்று நீங்களும் சொல்ல முடியாது. ஒரு பல் சொல்லாததை ஏற்கெனவே ஒரு முறை சொல்லிவிட்டோம், இன்னொரு முறை நான் சொல்ல மாட்டேன்."

எலும்பு மருத்துவர் பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் மறுபடி எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார். எலும்பு மெலிவாகத்தான் இருக்கிறது, சிராய்ப்போ கன்றிய தழும்போ பிள்ளை உடம்பில் எங்கும் இல்லை என்றார். ஏன் முதலிலேயே இதைச் சொல்லவில்லை என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். பரிசோதனை முடிவு வரும்வரை பிள்ளை பெற்றோரிடமே இருக்கட்டும், நலத்துறையிலிருந்து ஆள் வந்து வந்து பார்க்கட்டும் என்று முடிவானது. அப்பா இப்போதே உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார் அந்த அம்மா.

பிறகு ரத்தப் பரிசோதனை நாங்கள் சொன்னதையே சொன்னது. தர்ஷினிக்கு எலும்புக்கு மருந்து ஏற்றுகிறார்கள். மிச்சமிருந்த பால் பற்களுக்கு நானே உறை போட்டுவிட்டேன். நிலைப் பற்கள் முளைக்க முளைக்கப் பாதுகாக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். முறிவுகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏதோ எல்லாம் சுபமாக முடிந்த கதை என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாடிக்காவுக்குப் போங்கள், டார்ச்சைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லைத் தொடுங்கள். தொட நேரமில்லையா, பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஒரு பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு அதன் வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அந்தக் காலையில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். மீட்டிங் முடிந்ததும் எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். எனக்கு நன்றி சொன்னார்கள். குணாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பை விடுங்கள், போய் வருகிறேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை. நானும் அவரும் மட்டும் நடைபாதையில் நின்றோம். மகளைப் பார்க்க ஓடுவார் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை.

"டாக்டர், இது என்கிட்டருந்துதான் அவளுக்குப் போச்சா?"

"ஆமா, குணா. ரத்த வழியா வர்றது."

துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான்தான உடைச்சேன்," என்றார்.

"நீங்க உடைக்கல. உங்களுக்கும் யார்கிட்டருந்தோ வந்ததுதானே இது," என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அடித்தாயா என்று அத்தனை பேர் கேட்டபோது ஒரே வார்த்தையில் இல்லை என்று சொன்ன மனிதர், யாருமே கேட்காத இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தானே பதில் சொல்லிவிட்டார். துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்.

அவரிடம் அடித்தாயா என்று கேட்டவர்களை எல்லாம் இழுத்து வந்து அங்கே நிறுத்தி, இப்போது இந்த ஆளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள் என்று கேட்கலாம் என்று திரும்பினேன். எல்லோரும் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.